கோடியக்கரைப் புல்வெளியை மான்களுக்கு விட்டுவிடுங்கள்: யாத்திரை ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கிலிருந்து ஆண்டுதோறும் வேதாரண்யத்துக்கு யாத்திரை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

தை அமாவாசை யாத்திரைக்கான உங்கள் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. நாகூர், வேளாங்கண்ணி, திருநள்ளாறு, வேதாரண்யம், கோடியக்கரையில் கடல் நீராடல் எல்லாம் வழக்கம்போல இருக்கின்றன. இந்த முறை புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். நீராடிய அன்று மாலை கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் வேன்களில் போய் மான் கூட்டத்துக்கு நடுவே நிற்பது, மான்களுக்கு வாழைப்பழமும் ரொட்டியும் கொடுத்து 'வாயில்லா ஜீவன்களுக்கு அன்னதானம்' செய்வது, அதை டிரோன் வைத்துப் படம் பிடித்துத் தருவது. தலைக்கு 50 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) தனிக் கட்டணம்.

இந்த நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லிக் கேட்கத்தான் எழுதுகிறேன். முதலில் தொலைபேசியில்தான் பேசினேன். "அங்க நூத்துக்கணக்குல மான் நிக்குது, நாம நாலு வேன்ல போறதால என்ன ஆயிடப் போவுது?" என்று பதில் வந்தது. உங்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதிலை நம்பித்தான் நம் ஊர்க்காரர்கள் பணம் கட்டுகிறார்கள். அது சரியில்லை என்பதை அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

என் தாத்தா அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில் வேலை பார்த்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கு வந்தார். அம்மா வழிச் சொந்தங்கள் இன்னமும் கோடியக்காட்டில் இருக்கிறார்கள். விறகுக்கும் மாட்டுக்கும் அந்தக் காட்டோரம் போய்ப் பழகிய குடும்பம். மான் எங்கே மேயும், எங்கே குட்டி போடும் என்பதெல்லாம் அவர்கள் வீட்டுத் திண்ணைப் பேச்சில் நான் கேட்டு வளர்ந்தவை.

போன தடவை உங்கள் குழுவோடு நானும் வந்திருந்தேன். ராமர் பாதம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, முன்னால் போன வேன் மான் கூட்டத்தைக் கண்டதும் பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் ஓடியது. மற்ற வேன்களும் பின்னாலேயே இறங்கின. மான்கள் ஓடினால்தான் வீடியோ நன்றாக வரும் என்று யாரோ சொல்ல, ஓட்டுநர் ஹார்னை அழுத்திப் பிடித்தார். கூட்டம் மூன்றாகச் சிதறியது. வண்டிக்குள் கைதட்டல். கறுத்த ஆண் மான் ஒன்று மட்டும் போக மனமில்லாமல் கொஞ்ச தூரம் ஓடுவதும் திரும்பி வந்து நிற்பதுமாக இருந்தது. அது அதன் இடம். கோடியக்கரையில் கூட்டமாக நிற்பவை வெளிமான்கள், ஆங்கிலத்தில் பிளாக்பக் என்பார்கள். வெளிமானில் ஆண்கள் திறந்த வெளியில் ஆளுக்கொரு துண்டு நிலம் பிடித்து வைத்திருக்கும். ஒரே இடத்தில் சாணம் போட்டுக் குவிக்கும், கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பியைப் புல்லிலும் குச்சியிலும் தேய்த்து அடையாளம் வைக்கும். பெண் மான் தேடி வருவது அந்த இடத்துக்குத்தான். இடத்தை இழந்த ஆணுக்கு இணை கிடைப்பது கடினம். அந்தச் சாணக் குவியல் மேலேயே நம் வேன் ஒன்று ஏறி நின்றது.

நாங்கள் இறங்கியபோது, முன் சக்கரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, உயரமாக வளர்ந்திருந்த கோரைக்குள் ஒரு குட்டி படுத்திருந்தது. கழுத்தைத் தரையோடு நீட்டி, காதுகளை மடக்கி, மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்தது. கண் மட்டும் அகலத் திறந்திருந்தது. மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தபோதும் அசையவில்லை. வயிறு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கியது. "ஐயோ, அடிபட்டுக் கிடக்கு" என்று ஓர் அக்கா தூக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அது அடிபட்ட குட்டி இல்லை. பிறந்த முதல் சில வாரங்கள் தாய் மான் குட்டியைப் புல்லில் ஒளித்து வைத்துவிட்டுத் தள்ளிப்போய் மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். அசையாமல் கிடப்பதுதான் அந்தக் குட்டிக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. நாம் அங்கே நின்ற நேரம் முழுக்கத் தாய் கிட்டே வரவில்லை. கோடியக்கரையில் புலியோ சிறுத்தையோ கிடையாது, ஆனால் நரி உண்டு. தாய் வர முடியாத நேரம் நரிக்கு வசதியான நேரம்.

வெளிமானுக்கு இனப்பெருக்கம் குறிப்பிட்ட ஒரு மாதத்தில் மட்டும் நடப்பதில்லை. கூடுதல் குறைவு இருந்தாலும் ஆண்டு முழுக்கக் குட்டி பிறக்கும். ஆகவே தை அமாவாசைக்குப் போனாலும் ஆடி அமாவாசைக்குப் போனாலும் புல்லுக்குள் குட்டி கிடக்கலாம் என்று எண்ணித்தான் வண்டி ஓட்ட வேண்டும். அதாவது, புல்லுக்குள் வண்டி ஓட்டவே கூடாது.

இனி, "நூத்துக்கணக்குல நிக்குது" என்ற பேச்சுக்கு வருகிறேன்.

கோடியக்கரைச் சரணாலயம் 1967-இல் வெளிமானுக்காகவே உருவாக்கப்பட்டது. 2002-இல் அந்த வட்டாரம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. சரணாலயத்தின் பரப்பு 17 சதுர கிலோமீட்டர் சொச்சம். நம் பினாங்குத் தீவோ ஏறக்குறைய 290 சதுர கிலோமீட்டர். அந்தப் பதினேழிலும் எல்லாமே புல்வெளி இல்லை. மணல்மேடுகளில் பாலை, நாவல், காரை என்று உலர்ந்த பசுமைமாறாக் காடு. தாழ்ந்த பக்கம் சேறும் உப்பு நீரும். இவற்றுக்கு நடுவே கிடக்கும் திறந்தவெளிப் புல்தான் வெளிமானுக்கான இடம். புள்ளிமான் புதருக்குள் போய் மறைந்துகொள்ளும். வெளிமானுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தூரத்திலேயே ஆபத்தைக் கண்டு, வெட்டவெளியில் ஓடித் தப்பிப்பதுதான் அதன் பிழைப்பு. குட்டைப் புல் உள்ள, நாலாபுறமும் கண்ணுக்கு எட்டுகிற இடம்தான் அதற்கு வேண்டும். அடர்ந்த புதர் வந்துவிட்டால் அந்த இடத்தை விட்டு அது விலகிவிடும்.

அந்தப் புதர்தான் இப்போது வந்துகொண்டிருக்கிறது. சீமைக் கருவேலம் புல்வெளியின் ஓரங்களிலிருந்து உள்ளே ஏறுகிறது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கோடையில் புல் காய்ந்து போகும்போது மான்கள் கருவேலங்காயைத் தின்னும். விதை சாணத்தோடு வெளியேறித் திறந்தவெளியில் முளைக்கும். கோடையில் வயிற்றை நிரப்பும் மரமே பிறகு மேய்ச்சல் நிலத்தை மூடிவிடுகிறது. வனத்துறை வெட்டி வேரோடு பிடுங்கினாலும் திரும்பத் திரும்ப முளைக்கிற மரம் அது.

அப்புறம் குதிரைகள். எப்போதோ மனிதர்கள் வளர்த்து விட்டவை காட்டில் பெருகி, இன்று அதே புல்லை மேய்கின்றன, அதே குட்டைகளில் தண்ணீர் குடிக்கின்றன. குதிரையின் உடம்புக்கு எவ்வளவு புல் வேண்டியிருக்கும், மானுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்படி மேய்ச்சல் வெளி சுருங்கும்போது மான்கள் என்ன செய்யும்? மீதமிருக்கும் துண்டில் நெருங்கி நிற்கும். பாதையிலிருந்து பார்க்கிற நமக்கு "அடேயப்பா, எவ்வளவு மான்!" என்று தோன்றும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ரோட்டில் நிற்கிற கூட்டத்தை எண்ணி, பினாங்கில் எல்லாத் தெருவிலும் இதே நெரிசல் என்று யாராவது கணக்குப் போடுவார்களா? நாம் பார்க்கும் கூட்டம் மான்கள் பெருகியதற்கு அடையாளம் இல்லை. அவற்றுக்கு நிற்க வேறு இடம் குறைந்துவிட்டது என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம். அந்தக் கடைசித் துண்டுக்குள்தான் நாம் வேனை விடப் போகிறோம்.

அவை வேறெங்காவது போய்விடும் என்ற எண்ணமும் வேண்டாம். ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் பாக் நீரிணை, நிலத்தின் பக்கம் உப்பளங்களும் ஊர்களும். தமிழ்நாட்டில் வெளிமான் மிஞ்சியிருக்கும் மற்ற இடங்களான கிண்டி, தூத்துக்குடிப் பக்கம் வல்லநாடு, சத்தியமங்கலத்தை ஒட்டிய மாயாறுப் பள்ளத்தாக்கு எல்லாம் எட்டாத தூரத்தில் இருக்கின்றன. இந்தியா முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் வெளிமான் உடனடி அழிவு அபாயத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கோடியக்கரை மான் கோடியக்கரையில்தான் வாழவும் சாகவும் முடியும். மழைக்காலத்தில் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் ஏறும்போது அவை மேட்டுக்கு ஒதுங்குகின்றன, அதைத் தாண்டிப் போக வழி இல்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எத்தனையோ மான்கள் செத்தன, உடல்கள் கடலோரம் ஒதுங்கின. அந்தப் புயலுக்கு நாம் இங்கே கோயில்களிலும் சங்கங்களிலும் உண்டியல் வைத்துக் காசும் துணியும் சேர்த்தோம், நினைவிருக்கும். என் சொந்தக்காரர்கள் வீட்டு ஓடும் பறந்தது, தென்னையும் விழுந்தது. அவர்கள் வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். புல்வெளிக்கு அப்படி யாரும் கட்டிக் கொடுக்க முடியாது.

தை மாதத்தில் அந்த மண் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முடிந்திருக்கும், உப்பு மண் இன்னும் இளகியே கிடக்கும். வேன் சக்கரம் அதில் பள்ளமாக இறங்கும். போன தடவை நம் வண்டிகள் போட்ட தடத்தை, பல மாதம் கழித்து என் மாமா மகன் படம் எடுத்து அனுப்பினான். பள்ளத்தின் அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, புல் ஒன்றுகூட முளைக்கவில்லை. மழைக்குப் பிறகு மான்களுக்கு நல்ல பசும்புல் கிடைப்பதே இந்தச் சில வாரங்களில்தான். நாம் சரியாக அந்த வாரங்களில்தான் போகிறோம்.

தீனி விஷயம். பசித்தவனுக்குச் சோறு போடுவது நம் ரத்தத்தில் ஊறியது, அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மான் நம்மைப்போலச் சாப்பிடுகிற உயிர் இல்லை. அது அசைபோடும் விலங்கு. வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைத்துத்தான் அதற்குச் சத்து கிடைக்கிறது. திடீரென்று ரொட்டி, சோறு, இனிப்புப் பழம் என்று மாவும் சர்க்கரையும் நிறையப் போனால் வயிற்றில் அமிலம் ஏறும், உயிரே போகலாம். மாடு வளர்த்தவர்களைக் கேளுங்கள், அரிசி மூட்டையில் வாய் வைத்த மாட்டுக்கு என்ன ஆகும் என்று சொல்வார்கள். ரொட்டி போனால் கூடவே பிளாஸ்டிக் பையும் போகும். சென்னை ஐஐடி வளாகத்தில் மான்கள் வயிற்றில் பிளாஸ்டிக் அடைத்துச் செத்த செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். மீந்த தீனியைத் தேடி ஊர் நாய்கள் வரும், நாய்கள் குட்டியை விடாது.

இதற்குச் சாட்சி தேடி இந்தியா வரை போகவும் வேண்டாம். நம் பொட்டானிக் கார்டனில் குரங்குகளுக்குக் கச்சானும் பழமும் போட்டுப் பழக்கியது யார்? இன்று பையைப் பிடுங்குகின்றன, பிள்ளைகளைப் பார்த்துப் பல்லைக் காட்டுகின்றன. தீனி போடக் கூடாது என்று பலகை வைத்தும் பழகிய குரங்கைத் திருத்த முடியவில்லை. மனிதரைக் கண்டு ஓடுகிற மான்தான் உயிரோடு இருக்கும் மான். அந்தப் பயத்தை ரொட்டி கொடுத்துப் போக்கிவிட்டால், நாளை துப்பாக்கியோடு வருகிறவன் கிட்டேயும் அது தைரியமாகப் போய் நிற்கும். நம் நாட்டிலேயே காட்டுமான் எவ்வளவு குறைந்துவிட்டது என்று பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் சாம்பார் மான் (கடமான்) வேட்டைக்கு 2009-இல் தடை போட வேண்டி வந்தது. புலிக்கு முக்கியமான இரை அது, புலியோ நாடு முழுக்க 150-க்கும் குறைவு. தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஒரு காலத்தில் மான் கறி எவ்வளவு சாதாரணமாகக் கிடைத்தது என்று.

சட்டத்தையும் கவனியுங்கள். இந்தியாவின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. அந்தச் சட்டம் வேட்டை என்று சொல்வது கொல்வதை மட்டும் அல்ல. துரத்துவது, விரட்டுவது, தீனி காட்டி இழுப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே அதில் அடங்கும். முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டுச் சிறை. ஹார்ன் அடித்து ஓடவிட்டு எடுத்த வீடியோ, ரொட்டியை நீட்டிக்கொண்டு நிற்கும் படம், இரண்டையும் நாமே ஃபேஸ்புக்கில் போடப் போகிறோம். அறுபது எழுபது வயதுப் பெரியவர்களை மலேசியக் கடப்பிதழோடு அந்த நிலைமைக்குக் கூட்டிப் போக உங்களுக்கு மனம் வருமா? சட்ட ஆலோசனை கேட்காமல் இப்படியொரு நிகழ்ச்சியை விற்பனைக்கு வைக்கக் கூடாது.

துரத்துவதில் இன்னொன்றும் உண்டு. ஓடித் தப்பித்த மான் பிழைத்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். அளவுக்கு மீறி விரட்டப்பட்ட மானுக்குத் தசைகள் சிதைந்து, சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ சாவு வரலாம். அதைப் பார்க்க நாம் அங்கே இருக்க மாட்டோம், வேன் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கும்.

மான் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்க்கத்தான் வேண்டும். முறுக்கிய கொம்போடு, மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமாக அந்த ஆண் மான் காலை வெயிலில் தலையை நிமிர்த்தி நடப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். விடியற்காலையில் போங்கள், அப்போதுதான் மேய வெளியே வரும். வனத்துறை அனுமதித்த பாதையில், வனத்துறை ஆளோடு போங்கள். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, தொலைநோக்கியில் பாருங்கள். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்தாலே போதும், கூட்டம் தானாக மேய்ந்துகொண்டு கிட்டே வரும். என் சொந்தக்காரர்கள் எனக்குக் காட்டியது அப்படித்தான்.

ஆகவே ஏற்பாட்டுக் குழுவை நான் கேட்பது இவை.

தீனி கொடுக்கும் நிகழ்ச்சியையும் டிரோன் படப்பிடிப்பையும் உடனே ரத்து செய்யுங்கள். ரத்து செய்துவிட்டோம் என்று, முன்பு அறிவிப்பு போட்ட அதே குழுக்களில் எழுத்தில் அறிவியுங்கள், கட்டியவர்களுக்கு 50 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பணம் நல்ல காரியத்துக்குப் போகட்டும் என்று யாராவது விரும்பினால், கருவேலம் அகற்றவோ கோடையில் தண்ணீர்த் தொட்டி நிரப்பவோ உதவ முடியுமா என்று வனத்துறையிடம் முறைப்படி கேட்டு, ரசீதோடு கொடுங்கள்.

சரணாலயத்துக்குள் பாதையை விட்டு இறங்க மாட்டோம், ஹார்ன் அடிக்க மாட்டோம் என்று வேன் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மீறும் ஓட்டுநருக்கு மீதிப் பணம் கிடையாது என்றும் எழுதுங்கள். உணவுப் பொட்டலங்களையும் பிளாஸ்டிக் பைகளையும் உள்ளே கொண்டுபோகாமல் கோடியக்கரை ஊரிலேயே மதியச் சாப்பாட்டை முடிக்க ஏற்பாடு செய்யுங்கள். புறப்படும் முன் நடத்தும் விளக்கக் கூட்டத்தில் மான்களைப் பற்றிப் பேச எனக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். நான் பேசுவது வேண்டாம் என்றால், அங்குள்ள வனத்துறை அலுவலர் யாரையாவது காணொளி அழைப்பில் பேச வையுங்கள், அது இன்னும் நல்லது.

முன்பதிவு முடியும் தேதிக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராமல் நிகழ்ச்சி அப்படியே நடக்கும் என்றால், உங்கள் அறிவிப்பின் நகலோடு நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுதுவேன். அப்படி எழுதும் நிலையை எனக்கு உண்டாக்காதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் யாத்திரையில் வந்த ஒருத்தி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு